டாக்ஸிசைக்ளின், இரும்பு மாத்திரை, ஆன்டாசிட்: மூன்றையும் ஒரே நாளில் எப்படிச் சமாளிப்பது?

நடுநிசிவாசகி:

நுரையீரலில் பாக்டீரியாத் தொற்று, ஆரம்ப நிலை நிமோனியா என்று சொல்லி டாக்டர் டாக்ஸிசைக்ளின் என்ற ஆன்டிபயாடிக் 100 மி.கி. எழுதிக் கொடுத்திருக்கிறார். காலை ஒன்று, இரவு ஒன்று, ஒரு வாரத்துக்கு. நான் ரத்தசோகைக்கு இரும்புச்சத்து மாத்திரையும் அதோடு கால்சியமும் ரொம்ப நாளாகச் சாப்பிட்டு வருகிறேன், நெஞ்செரிச்சல் வந்தால் ஆன்டாசிட் திரவம் குடிக்கிற பழக்கமும் உண்டு. இப்போது மருந்து டப்பாவுக்குள் மடித்து வைத்திருந்த தாளைப் படித்தால் பாலோடு எடுக்காதே, இரும்போடு எடுக்காதே, ஆன்டாசிடோடு எடுக்காதே, வெயிலில் போகாதே, படுக்கப் போகும் முன் எடுக்காதே என்று வரிசையாகப் போட்டிருக்கிறது. சரி, எப்போதுதான் எடுப்பது?

எனக்கு உண்மையில் தெரிய வேண்டியது நேர இடைவெளிதான். எதற்கும் எதற்கும் நடுவில் எத்தனை மணி நேரம் விட வேண்டும்? வெறும் வயிற்றில் போட்டால் வயிற்றைப் புரட்டுகிறது, உடனே கை ஆன்டாசிட் பாட்டிலுக்குத்தான் போகிறது. அப்புறம் ஒரு விஷயம், காய்ச்சல் நன்றாகவே குறைந்துவிட்டது, இருமல் மட்டும் மிச்சம். மீதி மாத்திரைகளை முடித்துத்தான் ஆக வேண்டுமா?

மருந்துப்பெட்டி:

மருந்தாளுநராக இருக்கிறேன், டாக்ஸிசைக்ளின் கொடுக்கும்போதெல்லாம் வருகிற கேள்விதான் இது. பயமுறுத்துகிற தாள் என்றாலும் அதில் இருப்பதில் பாதிக்கு மேல் ஒரே காரணத்துக்காகச் சொல்லப்படுவது, அந்தக் காரணம் புரிந்துவிட்டால் பட்டியலை மனப்பாடம் செய்ய வேண்டாம்.

டாக்ஸிசைக்ளின் சேர்ந்த டெட்ராசைக்ளின் குடும்பத்து மருந்துகளுக்கு உலோக அயனிகள் என்றால் அப்படி ஓர் ஈர்ப்பு. கால்சியம், இரும்பு, மெக்னீசியம், அலுமினியம், துத்தநாகம், பிஸ்மத் எது கிடைத்தாலும் குடலுக்குள்ளேயே அதோடு ஒட்டிக் கரையாத கூட்டுப்பொருளாகிவிடும், ரத்தத்துக்குள் போகாது. நீங்கள் மாத்திரையை விழுங்கியிருப்பீர்கள், உடம்பு அதை வாங்கியிருக்காது. ஆன்டாசிடில் இருப்பது பெரும்பாலும் அலுமினியமும் மெக்னீசியமும்தான், ஆகவே வயிறு புரட்டுகிறது என்று மாத்திரையின் தலையிலேயே ஆன்டாசிடை ஊற்றினால் அந்த வேளை மருந்தில் பெரும்பகுதி வீண். வயிற்றுப் புண்ணுக்குக் கொடுக்கும் சுக்ரால்ஃபேட்டிலும் அலுமினியம் இருக்கிறது, மல்டிவிட்டமின் மாத்திரைகளில் துத்தநாகமும் இரும்பும் ஒளிந்திருக்கும், லேபிளைத் திருப்பிப் பாருங்கள்.

பால் விஷயத்தில் டாக்ஸிசைக்ளின் தன் அண்ணன்மாரைவிடப் பரவாயில்லை. பழைய டெட்ராசைக்ளினைப் பாலோடு எடுத்தால் பெரும் இழப்பு, இதில் சுமார் 20 சதவீதம் குறையும் என்றுதான் மருந்துத் தகவலில் இருக்கிறது. அதனால் வயிறு தாங்காதவர்கள் சாப்பாட்டோடு எடுக்கலாம், எடுக்கவும் வேண்டும். பாலும் தயிரும் சீஸும் அந்த வேளைச் சாப்பாட்டில் வேண்டாம், அவ்வளவுதான். மற்ற வேளையில் தாராளமாக.

நேரம் கேட்டீர்களே: காலை 8 மணிக்குச் சாப்பிட்டதும் ஒன்று, இரவு 8 மணிக்குச் சாப்பிட்டதும் ஒன்று. ஆன்டாசிட் தேவைப்பட்டால் பகலில் மாத்திரை எடுத்து இரண்டு மூன்று மணி நேரம் கழித்து, அதுவும் அடுத்த மாத்திரைக்கு ரொம்ப முன்னாடியே. நெஞ்செரிச்சல் தினமும் இருக்கிறது என்றால் ஓமெப்ரசோல் மாதிரி உலோகம் இல்லாத ஒன்றை எழுதித் தரச் சொல்லி டாக்டரிடம் கேளுங்கள்.

இரும்பு மட்டும் தனிக்கதை. மற்றதெல்லாம் இடைவெளி விட்டால் சரியாகிவிடும், இரும்பு அப்படி முழுதாக விடுவதில்லை, ஏனென்றால் டாக்ஸிசைக்ளின் ரத்தத்துக்குள் போன பிறகும் ஒரு பகுதி திரும்பக் குடலுக்குள் வந்து மறுபடி உறிஞ்சப்படுகிறது. அப்படி வரும்போது அங்கே இரும்பு காத்திருந்தால் பிடித்துக்கொள்ளும். ஊசி வழியாக டாக்ஸிசைக்ளின் கொடுத்தவர்களுக்கே வாய்வழி இரும்பு எடுத்தால் மருந்து சீக்கிரம் வெளியேறியது என்று பார்த்திருக்கிறார்கள். ஆகவே இப்படி ஒரு வாரச் சிகிச்சைக்கு நான் சொல்வது, டாக்டரிடம் ஒரு போன் போட்டு அந்த ஒரு வாரம் இரும்பையும் கால்சியத்தையும் நிறுத்தி வைக்கலாமா என்று கேளுங்கள் என்பதுதான். மாதக்கணக்கில் எடுக்கிற இரும்புக்கு ஒரு வாரம் பெரிய விஷயமில்லை, நிமோனியாவுக்கு ஒரு வாரம் பெரிய விஷயம். நிறுத்தக் கூடாது என்று அவர் சொன்னால் இரண்டு டாக்ஸிசைக்ளினுக்கும் நடு மத்தியில், அதாவது பிற்பகல் 2 மணிக்கு இரும்பு. கால்சியத்தையும் அதே 2 மணிக்குப் போட்டுவிடலாமே என்று நினைக்காதீர்கள், இரும்பு உடம்பில் சேர்வதைக் கால்சியம் தடுக்கும்.

இலைச்சருகு:

மேலே சொன்னதோடு விழுங்குகிற விதத்தையும் சேர்த்துக்கொள்ளுங்கள், யாரும் அதை அழுத்திச் சொல்வதில்லை.

என் அண்ணனுக்கு இதே மருந்து, காப்ஸ்யூலாக. இரவு படுக்கையில் சாய்ந்தபடி ஒரு மடக்குத் தண்ணீரில் போட்டுவிட்டு அப்படியே தூங்கிவிடுவான். கொஞ்ச நாளில் திடீரென்று எச்சில் விழுங்கினால்கூட நெஞ்சு நடுவில் கத்தி குத்துகிற மாதிரி வலி, மாரடைப்போ என்று பயந்து ஓடினோம். எண்டோஸ்கோப்பி பார்த்துவிட்டு உணவுக்குழாயில் புண் என்றார்கள். மருந்தை மாற்றி, கொஞ்ச நாள் திரவ உணவு கொடுத்ததில் ஆறிவிட்டது, ஆனால் அந்த வலியில் அவனுக்குத் தண்ணீர் குடிக்கவே பயம் வந்துவிட்டது.

அப்போது அவர்கள் விளக்கியது: காப்ஸ்யூலின் ஜெலட்டின் உறை ஈரமானதும் பசை மாதிரி உணவுக்குழாய்ச் சுவரில் ஒட்டிக்கொள்கிறது, உள்ளே இருக்கிற டாக்ஸிசைக்ளின் ஹைக்ளேட் (மருந்தின் உப்பு வடிவம்) கரையும்போது நல்ல அமிலம், ஒட்டிய இடத்தையே சுட்டுவிடுகிறது. பெருந்தமனியின் வளைவு உணவுக்குழாயை லேசாக அழுத்துகிற நடுப்பகுதிதான் அதிகம் மாட்டுகிற இடமாம். ஆகவே ஒரு முழு டம்ளர் தண்ணீர், உட்கார்ந்தோ நின்றோ, பிறகு குறைந்தது அரை மணி நேரம், முடிந்தால் ஒரு மணி நேரம் படுக்காமல் இருப்பது. இரவு மாத்திரையைத் தூங்கும் நேரத்தோடு முடிச்சுப் போடாமல் சாப்பாட்டு நேரத்தோடு போட்டால் இது தானாகவே நடந்துவிடும்.

வெயிலும் சும்மா எழுதி வைத்ததில்லை. நான் முகப்பருவுக்காக இதைச் சில மாதம் எடுத்தேன். வண்டி ஓட்டும்போது வெயில் பட்ட கைப்பின்புறம் மட்டும் சிவந்து எரிந்தது, முகத்துக்குக் கிரீம் பூசியிருந்ததால் தப்பித்தது. புற ஊதாக் கதிரில் ஏ வகைதான் இதைக் கிளப்புகிறது, அது கண்ணாடி ஜன்னல் வழியாகவும் கணிசமாக உள்ளே வரும். கிரீம் வாங்கினால் அந்த வகையையும் தடுக்கிறதா என்று பார்த்து வாங்குங்கள், டப்பாவில் போட்டிருக்கும் எஸ்பிஎஃப் என்ற வெயில் தடுப்பு எண் மட்டும் அதைச் சொல்லாது. முழுக்கைச் சட்டை இன்னும் சுலபம். நீங்கள் நிமோனியாவோடு வெயிலில் சுற்றப்போவதில்லை, ஆனாலும் சொல்லி வைக்கிறேன்.

பழையகணக்கன்:

இவ்வளவு நுணுக்கம் தேவையா? காய்ச்சல் விட்டுவிட்டதென்றால் மருந்தும் விட்டுவிடலாம் என்றுதான் இப்போது சொல்கிறார்கள். கோர்ஸை முடி, கோர்ஸை முடி என்பதே பழைய பேச்சு, அதற்கு ஆதாரமே இல்லை என்று வெளிநாட்டு மருத்துவ இதழிலேயே வந்திருக்கிறது. மீதி மாத்திரையைப் பத்திரமாக வைத்துக்கொண்டால் அடுத்த தடவை சளி பிடிக்கும்போது உதவும். டாக்டர் ஃபீஸும் மிச்சம்.

ஸ்டெத்தும்பேனாவும்:

பழையகணக்கன் சார், நீங்கள் சொல்கிற கட்டுரை உண்மைதான். 2017 ஜூலையில் பிரிட்டிஷ் மெடிக்கல் ஜர்னலில் வந்தது. ஆனால் அவர்கள் சொன்னது ஒன்று, நீங்கள் எடுத்துக்கொண்டது வேறு.

பாதியில் நிறுத்தினால் கிருமிகளுக்கு மருந்தை எதிர்க்கும் எதிர்ப்புத் தன்மை வளரும் என்ற பயம் ரொம்பப் பழசு. பெனிசிலினைக் கண்டுபிடித்த அலெக்சாண்டர் ஃப்ளெமிங் 1945 நோபல் உரையிலேயே குறைந்த அளவு கொடுத்தால் கிருமி பழகிக்கொள்ளும் என்று எச்சரித்தார். 2017 கட்டுரை எழுதியவர்கள் மறுபக்கத்தைச் சொன்னார்கள்: தேவைக்கு மேல் ஒவ்வொரு நாளும் மருந்து எடுக்கும்போது, நோய்க்குச் சம்பந்தமே இல்லாமல் நம் குடலிலும் தோலிலும் வாழ்கிற கோடிக்கணக்கான பாக்டீரியாக்களும் அந்த மருந்தைச் சந்திக்கின்றன, எதிர்ப்புத் தன்மை அதிகம் வளர்வது அங்கேதான், ஆகவே 10 நாள் 14 நாள் என்று பழக்கத்துக்காக நீட்டாதீர்கள் என்று. அது வீணாகவும் போகவில்லை. நிமோனியாவுக்கு முன்பு இரண்டு வாரம்கூட எழுதுவார்கள், இன்று பல வழிகாட்டிகள் நோயாளி தேறி வருகிறார் என்றால் 5 நாளே போதும் என்கின்றன. அதாவது அந்தச் சண்டை எத்தனை நாள் எழுத வேண்டும் என்பதில். காய்ச்சல் மானியைப் பார்த்து வீட்டில் நாமே முடிவெடுப்பதில் இல்லை. காய்ச்சல் முதலில் இறங்கும், நுரையீரலுக்குள் கிருமி அடங்க அதற்கு மேலும் நாளாகும், மற்றதெல்லாம் ஓய்ந்த பிறகும் இருமல் மட்டும் வாரக்கணக்கில் இழுக்கும். இதில் எதை அளவுகோலாக வைப்பது?

ஆகவே கேள்வி கேட்டவருக்கு: எழுதிய நாள் வரை எடுங்கள். சீக்கிரம் தேறிவிட்டேன், குறைக்கலாமா என்று எழுதிய டாக்டரிடமே கேட்கலாம், தப்பே இல்லை, சில சமயம் சரி என்றும் சொல்வார். மறுபக்கம், மருந்து ஆரம்பித்து இரண்டு மூன்று நாள் ஆகியும் காய்ச்சல் இறங்கவில்லை, மூச்சு வாங்குகிறது, உதடு நீலம் பாய்கிறது, பேச்சு குழறுகிறது என்றால் மாத்திரை மிச்சம் இருக்கிறதே என்று காத்திருக்காமல் மருத்துவமனைக்குப் போக வேண்டும்.

மீதி மாத்திரையைச் சளிக்கு வைத்துக்கொள்வது பற்றி என்ன சொல்ல. சளி வைரஸால் வருவது. டாக்ஸிசைக்ளின் வேலை செய்வது பாக்டீரியாவின் ரைபோசோம் என்ற புரதத் தொழிற்சாலையில், அங்கே புரதம் தயாராவதைத் தடுத்து வளரவிடாமல் நிறுத்துகிறது. வைரஸுக்குச் சொந்த ரைபோசோமே கிடையாது. எதைத் தடுக்கும்? அதோடு காலாவதி விவகாரமும் இருக்கிறது. 1963-லேயே கெட்டுப்போன பழைய டெட்ராசைக்ளினைச் சாப்பிட்டவர்களுக்குச் சிறுநீரகக் குழாய்கள் பழுதான நிகழ்வுகள் பதிவாகின. அப்போதைய தயாரிப்பு முறை இப்போது இல்லை என்பது வேறு விஷயம், அதற்காக அலமாரியில் வெளிச்சமும் ஈரமும் பட்டுக் கிடந்ததை எடுத்துப் போட வேண்டியதில்லை.

மருந்துப்பெட்டி:

டாக்டர் சொன்னதோடு, ஒரு வேளை மறந்துபோனால் என்ன என்பதையும் எழுதிவிடுகிறேன், அடுத்த கேள்வி அதுவாகத்தான் இருக்கும். ஞாபகம் வந்ததும் போடுங்கள், அடுத்த வேளை நெருங்கிவிட்டது என்றால் விட்டுவிட்டு அடுத்ததை மட்டும் போடுங்கள். இரண்டாகச் சேர்த்துப் போட வேண்டாம். இதன் அரை ஆயுள், அதாவது ரத்தத்தில் இருக்கும் மருந்து பாதியாகக் குறைய ஆகும் நேரம், சுமார் 16 முதல் 22 மணி நேரம், கொஞ்சம் தாமதமானால் ரத்தத்தில் ஒரேயடியாகக் காலியாகிவிடாது.

நடுநிசிவாசகி:

எல்லாருக்கும் நன்றி. டாக்டர் அறைக்கு போன் போட்டேன், இரும்பும் கால்சியமும் சிகிச்சை முடியும் வரை வேண்டாம் என்று சொல்லிவிட்டார்கள், ஆக அந்தச் சிக்கல் தீர்ந்தது. சாப்பிட்டு எடுத்ததும் வயிற்றுப் புரட்டலும் குறைவு.

இன்னும் சில சின்னச் சந்தேகம். கருத்தடை மாத்திரை எடுக்கிறேன், ஆன்டிபயாடிக் அதைக் கெடுக்கும் என்று தோழி பயமுறுத்துகிறாள். ரத்தம் உறையாமல் இருக்க வார்ஃபரின் எடுக்கிற என் மாமியாருக்கும் இதே மருந்து எழுதலாமா என்று ஒரு பேச்சு வந்தது, அவருக்கும் இருமல். வயிறு இளகினால் எப்போது பயப்பட வேண்டும்? கடைசியாக, எனக்குக் காப்ஸ்யூல் விழுங்குவதே கஷ்டம், பிரித்து உள்ளே இருப்பதைத் தண்ணீரில் கலக்கிக் குடிக்கலாமா?

ஸ்டெத்தும்பேனாவும்:

கருத்தடை மாத்திரைக்கு டாக்ஸிசைக்ளினால் ஆபத்தில்லை. கல்லீரலை முடுக்கிவிட்டு ஹார்மோனை வேகமாகக் கரைக்கிற ஆன்டிபயாடிக் காசநோய்க்குக் கொடுக்கும் ரிஃபாம்பிசினும் அதன் உறவுகளும்தான், அந்தப் பழியை எல்லா ஆன்டிபயாடிக்கும் சுமக்கின்றன. ஆனால் மாத்திரை போட்ட சில மணி நேரத்தில் வாந்தி எடுத்தாலோ கடுமையாக வயிற்றால் போனாலோ கருத்தடை மாத்திரையே உள்ளே போயிருக்காது, அப்போது கூடுதல் பாதுகாப்பு வேண்டும். கர்ப்பம் இருக்கலாம் என்ற சந்தேகம் கொஞ்சம் இருந்தாலும் டாக்டரிடம் உடனே சொல்லுங்கள், குறிப்பாக நான்காம் மாதத்துக்கு மேல் இதைத் தவிர்ப்பார்கள், குழந்தையின் பல்லிலும் எலும்பிலும் படியும் என்பதால். 8 வயதுக்குக் கீழே கொடுக்கத் தயங்குவதும் அதே பல் காரணம்தான், ஆனால் டாக்ஸிசைக்ளினைக் குறுகிய காலம் கொடுத்தால் பல்லில் கறை விழுவதாகத் தெரியவில்லை என்பதால் உண்ணி மாதிரி பூச்சிகள் வழியாகப் பரவும் ரிக்கெட்சியா மாதிரி உயிருக்கு ஆபத்தான காய்ச்சலில் குழந்தைகளுக்கும் தயங்காமல் கொடுக்கிறோம். அது டாக்டர் முடிவு, பெற்றோர் முடிவு இல்லை.

மாமியார் விஷயத்தில் முதலில், உங்கள் மருந்தை அவருக்குக் கொடுக்காதீர்கள். அவர் டாக்டரே எழுதினாலும் வார்ஃபரினோடு சேரும்போது ரத்தம் நீர்த்துப்போவது அதிகமாகலாம், ரத்தம் உறைய எவ்வளவு நேரமாகிறது என்று பார்க்கும் ஐஎன்ஆர் பரிசோதனையை வழக்கத்தைவிட முன்னதாகவே செய்ய வேண்டும், ஈறில் ரத்தம், காரணமில்லாத நீலத் தடிப்பு, கறுத்த மலம் பார்த்தால் காத்திருக்கக் கூடாது. வலிப்புக்கு ஃபெனிடாயின், கார்பமசெபைன் எடுப்பவர்களுக்கு இதற்கு நேர்மாறு, டாக்ஸிசைக்ளின் சீக்கிரம் கரைந்து பலன் குறையும். முகப்பருவுக்கு ஐசோட்ரெட்டினாயின் எடுப்பவர்கள் இதைச் சேர்க்கவே கூடாது, மூளையைச் சுற்றி அழுத்தம் கூடும். தனியாக எடுக்கும்போதும் அபூர்வமாக அது வரும், ஆகவே விடாத தலைவலியும் பார்வை மங்கலும் சேர்ந்து வந்தால் மாத்திரையை நிறுத்திவிட்டு அன்றே காட்டுங்கள். மூச்சுத் திணறல், முகம் உதடு வீக்கம், உடம்பெல்லாம் தடிப்பு என்றால் ஒவ்வாமை, ஒரு நிமிஷமும் யோசிக்க வேண்டாம்.

வயிறு லேசாக இளகுவது எந்த ஆன்டிபயாடிக்கிலும் நடக்கும். தண்ணீராக ஒரு நாளில் பல தடவை போகிறது, வயிற்றைப் பிசைகிறது, காய்ச்சல் திரும்புகிறது, ரத்தம் தெரிகிறது என்றால் கிளாஸ்ட்ரிடியாய்டிஸ் டிஃபிசில் என்ற குடல் தொற்றாக இருக்கலாம். கிளிண்டாமைசின் மாதிரி வேறு ஆன்டிபயாடிக்குகளோடு ஒப்பிட்டால் டாக்ஸிசைக்ளினில் இது குறைவு, ஆனாலும் உண்டு. மருந்து முடிந்து ஒன்றிரண்டு மாதம் கழித்தும் வரலாம், அதனால் எந்த டாக்டரிடம் போனாலும் சமீபத்தில் ஆன்டிபயாடிக் எடுத்தேன் என்று முதல் வாக்கியமாகச் சொல்லுங்கள். வயிற்றுப்போக்கை நிறுத்துகிற மாத்திரையை நீங்களாகப் போட வேண்டாம்.

மருந்துப்பெட்டி:

காப்ஸ்யூல் கேள்வி எனக்கு. நீங்களாகப் பிரிக்க வேண்டாம். சில காப்ஸ்யூலுக்குள் தாமதமாகக் கரைய வேண்டிய மணிகள் இருக்கும், சிலவற்றில் வெறும் பொடி, அந்தப் பொடி தொண்டையில் தங்கினால் மேலே இலைச்சருகு சொன்ன கதைதான். டாக்ஸிசைக்ளினில் தண்ணீரில் கரைத்துக் குடிக்கிற மாத்திரையும் திரவ வடிவமும் இருக்கின்றன. விழுங்க முடியவில்லை என்று டாக்டரிடம் சொன்னால் சீட்டில் மாற்றி எழுதித் தருவார். கரைத்துக் குடித்தாலும் மருந்து தொண்டையில் தங்கக் கூடாது, ஆகவே குடித்ததும் மறுபடி ஒரு டம்ளர் வெறும் தண்ணீர், அதற்குப் பின் அரை மணி நேரம் படுக்கை பக்கம் போக வேண்டாம்.